சொல் தட்டாத மகள்

என் மகள் இருபத்தாறு வயதில் எந்தக் கடனைக் கட்டாமல் விடப்போகிறாள் என்பது அவளுடைய பத்தொன்பதாவது வயதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மாதம், தொகை, எத்தனையாவது தவணை என்று எல்லாவற்றையும் அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். எங்கள் குடும்ப ஜோசியர் இத்தனை வருடத்தில் இவ்வளவு துல்லியமாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

என் பெயர் அணைஞ்சபெருமாள். கோவில்பட்டிக்குத் தெற்கே நாற்கரச் சாலையில் எடைமேடையில் வேலை. லாரிகள் இப்போது ஓட்டுநர் இல்லாமல் தாமாகவே வந்து மேடையில் ஏறி நிற்கின்றன. ஆனாலும் எடைச்சீட்டில் ஒரு மனிதன் கையெழுத்துப் போட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அந்த மனிதன் நான்தான். மனைவி வடிவு பள்ளிக்கூடத்தில் காலை உணவு சமைக்கிறாள். ஒரே மகள் செண்பகவல்லி. எங்கள் ஊர் அம்மன் பெயர் என்பதால் தெருவுக்கு நாலு செண்பகவல்லி இருப்பார்கள். எங்கள் வீட்டில் இருப்பது தனி ரகம்.

அவளுக்குக் கயத்தாறு காற்றாலையில் பராமரிப்புப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஆயிரத்து நானூறு பேர் எழுதிய தேர்வில் பதினொன்றாவதாக வந்திருந்தாள். அவளைவிட நான்தான் அதிகம் குதித்தேன். ஆனால் அங்கே ஒரு வில்லங்கம் இருந்தது. கோபுரம் ஏறுகிற கச்சை, கயிறு, சோதனைக் கருவி எல்லாம் எட்டு லட்ச ரூபாய். அதை அவரவர் பெயரில், அவரவர் கடனாகத்தான் எடுக்க வேண்டும். பெற்றோர் பணம் கட்டினால் ஏற்கமாட்டார்கள். தன் கடனில் வாங்கிய கயிற்றைத்தான் ஒருவன் ஒழுங்காகப் பார்த்துக்கொள்வான் என்பது அவர்கள் கட்சி. அந்தக் கடன் கிடைக்க எழுநூறு நம்பகப் புள்ளி வேண்டும். மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

செண்பகத்தின் புள்ளி எவ்வளவு என்று பார்த்தோம். பூஜ்யம்கூட இல்லை, வெறும் கோடு போட்டிருந்தது. சரி, என் புள்ளியைக் காட்டி ஏதாவது செய்யலாம் என்று பார்த்தால் எனக்கும் அதே கோடு. ஐம்பத்திரண்டு வயதுவரை ஒருவரிடமும் கைநீட்டிக் கடன் வாங்கியதில்லை என்று நான் கல்யாண வீடுகளில் பீற்றிக்கொள்வது வழக்கம்.

"இன்னும் நல்லாப் பீத்துங்க" என்றாள் வடிவு. "கடன் வாங்காதவன்னா கணக்குல ஆளே இல்லையாம்."

கடன் தரும் கூட்டுறவு நிறுவனத்தின் ஒத்திகைப் பிரிவு பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. அதிகாரி ரிஸ்வானா, பாளையங்கோட்டைப் பெண். முப்பது வயதிருக்கும். சிரித்த முகம், ஆனால் கேள்வி கேட்டால் விரல் விட்டு எண்ணி எண்ணிப் பதில் சொல்வாள்.

"முன்னாலல்லாம் எப்படிம்மா செய்வாங்க?" என்று கேட்டேன்.

"அப்பா அம்மா தங்களோட கிரெடிட் கார்டுல பிள்ளை பேரைச் சேர்த்துவிடுவாங்க சார். இல்லைன்னா சின்னதா ஒரு கடன் வாங்கி, மாசாமாசம் ஒழுங்காக் கட்ட வைப்பாங்க. புள்ளி ஏற ரெண்டு வருஷம் ஆகும்."

"எங்களுக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு."

"அதுக்குத்தான் ஒத்திகை. உங்க பொண்ணோட பள்ளிக்கூடப் பதிவு, பஸ் பாஸ், போன் இதையெல்லாம் இயந்திரம் வாங்கிக்கும். கூடவே பெத்தவங்க சாட்சி. இருநூத்திநாப்பது கேள்வி. அதை வெச்சு உள்ளுக்குள்ளேயே உங்க பொண்ணு மாதிரி ஒருத்தியை உண்டாக்கி, பத்து வருஷம் வாழவிட்டுப் பார்க்கும். ஆயிரம் தடவை. எது அதிகம் நடக்குதோ அதை எடுத்து ஒரே வரலாறாக் கோர்த்துத் தரும். சட்டப்படி அது நிஜ வரலாறுக்குச் சமம்."

"அவ வாழாத வாழ்க்கைக்குப் புள்ளியா?"

"வாழப்போறதுக்கு, சார்."

எனக்கு அந்த இடத்திலேயே ஆர்வம் பிடித்துக்கொண்டது. பத்து வருடத்தில் அவள் என்ன வாங்குவாள், எங்கே இருப்பாள், யாரைக் கட்டுவாள் என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். கடன், தவணை, வருமானம் பற்றிய வரிகளை மட்டும்தான் காட்டுவார்களாம், மற்றதெல்லாம் காட்டக் கூடாதாம். அதையும் சாட்சி சொன்ன பெற்றோர்தான் பார்க்கலாம். பிள்ளைக்குக் காட்டவே கூடாது.

"பார்த்தா அதுபடியே நடக்கப் பார்ப்பாங்க. இல்லைன்னா வேணும்னே மாத்தி நடப்பாங்க. ரெண்டுமே கெடுதல்" என்றாள் ரிஸ்வானா.

கேள்விகளை வீட்டுக்கே அனுப்பினார்கள். நானும் வடிவும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு உட்கார்ந்தோம். இங்கேதான் தப்பு நடந்தது. எங்களுக்குத் தெரிந்து ஒரு பெண்ணைப் பற்றி வெளி ஆள் வந்து விசாரிக்கிறான் என்றால் அது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். கேள்வியைப் பார்த்ததும் இரண்டு பேருக்கும் வாய் தானாக அந்தத் தடத்தில் ஏறிவிட்டது.

'பெற்றோர் சொல்லை மீறுவாரா?' என்று கேட்டிருந்தது. ஒருபோதும் மாட்டாள், கிழித்த கோட்டைத் தாண்டமாட்டாள் என்று எழுதினேன். 'கோபம்?' அதிர்ந்துகூடப் பேசமாட்டாள் என்றாள் வடிவு. டவுன் பஸ்ஸில் இடித்தவன் மண்டையைச் சாப்பாட்டு டப்பாவால் பிளந்த பெண்ணைப் பற்றித்தான் இதைச் சொன்னாள். 'உங்களுக்குப் பணம் தேவைப்பட்டால்?' கேட்கவே வேண்டாம், முகத்தைப் பார்த்தே தந்துவிடுவாள். 'நீங்கள் நோயில் விழுந்தால்?' எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்து பக்கத்திலேயே இருப்பாள். இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. என்ன அருமையான பெண் என்று நானே நம்பிவிட்டேன்.

நான்காம் நாள் புள்ளி வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

ரிஸ்வானா எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டு இரண்டு பக்கத் தாளைக் கொடுத்தாள். செண்பகம் வெளியே பெஞ்சில் இருந்தாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, மகளின் பத்து வருட வாழ்க்கையைப் படித்தேன்.

முதல் வருடம் கருவிக் கடன், ஒழுங்காகக் கட்டியிருந்தாள். இரண்டாம் வருடம் ஸ்கூட்டர், இதோ பார் என்று வடிவிடம் காட்டினேன். மூன்றாம் வருடம் எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போடக் கடன். எங்களுக்கு மாடியே கிடையாது. நாலாம் வருடம் 'உறவினர் விழா' என்று ஒன்றரை லட்சம். வடிவின் தம்பி மகனுக்குக் காதுகுத்தாகத்தான் இருக்கும் என்று நான் சொல்ல, அவள் என்னை முறைத்தாள். ஐந்தாம் வருடம் அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். ஏழாம் வருடம், ஆவணி மாதம், மருத்துவமனைச் செலவு பதினான்கு லட்சம். நோயாளி என்ற இடத்தில் தந்தை என்று இருந்தது. அதற்கு அடுத்த மாதம் 'வருமானம் நின்றது'. பிறகு வரிசையாகக் கட்டாத தவணைகள். எட்டாம் வருடத்தோடு தாள் முடிந்துவிட்டது, அதற்குமேல் அவளுக்குக் கடன் கொடுக்க ஆளில்லை.

"எனக்கு என்னம்மா ஆகுது?" என்றேன்.

"அதை நீங்க மனசுல எடுத்துக்காதீங்க சார். இந்த மாவட்டத்துல உங்க வயசு ஆம்பளைங்களுக்கு என்ன வருமோ அதைத்தான் போட்டிருக்கும். நமக்கு அது வெறும் மேடு பள்ளம். பாதை எப்படின்னாலும் போற ஆள் எப்படின்னு பார்க்குது, அவ்வளவுதான்."

"அதுக்காக வேலையை விட்டுட்டா வருவா? நான் கூப்பிடவே மாட்டேனே!"

"நீங்க கூப்பிடலை சார். எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வருவான்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க. அவளும் வந்துட்டா. கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தா, யார் சொல்லையும் தட்டலை. இப்படி ஒரு பொண்ணுக்கு எந்த நிறுவனமும் கடன் கொடுக்காது."

வடிவு தாளை வாங்கி மறுபடி முதலில் இருந்து பார்த்தாள். "பாவம் இவ" என்றாள், தாளில் இருந்தவளை. "ஒரு நல்ல சேலைகூட வாங்கலை பாத்தீகளா?"

மறுசாட்சி ஒரு தடவைதான் சொல்லலாம் என்றாள் ரிஸ்வானா. இந்தத் தடவை வீட்டில் எழுதுவது கிடையாது. இங்கேயே, அவள் எதிரில், மகளையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். மகள் வாயைத் திறக்கக் கூடாது. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

பிள்ளையை வைத்துக்கொண்டே பிள்ளையைக் குறை சொல்வதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு என்று நினைத்துத்தான் போனோம். ஆனால் அதிகாரி ஒருத்தி எதிரே இருந்து ஒவ்வொன்றையும் பதிவுசெய்யும்போது நாக்கு எழவில்லை. முதல் கேள்விக்கே நான் தண்ணீர் குடித்தேன். வடிவுதான் ஆரம்பித்துவைத்தாள்.

"சொல் பேச்சுக் கேக்க மாட்டா. கிழக்கேன்னா மேற்கே போவா. டீச்சர் படிப்புக்குப் பணம் கட்டச் சொல்லிக் கொடுத்தா, அதைக் கொண்டுபோய் இந்த மோட்டார் படிப்புல கட்டிட்டு வந்தவ இவ. ஆறு மாசம் எங்களுக்குத் தெரியாது."

செண்பகம் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"குற்றாலம் போனதையும் சொல்லுங்க" என்றாள் வடிவு என்னிடம்.

மகளின் சிரிப்பு நின்றது. பள்ளிச் சுற்றுலா என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு குற்றாலம் போனது எங்களுக்குத் தெரியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. ஈரத்துணியை வாளிக்கடியில் ஒளித்துவைத்திருந்தாள். வாளியைத் தினம் எடுக்கிறவள் வடிவு.

அப்புறம் எங்களுக்கு வேகம் பிடித்துவிட்டது. கடன் கேட்டு வந்த அவளுடைய சொந்த மாமாவை, போன தடவை வாங்கிய இரண்டாயிரம் எங்கே என்று வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டதைச் சொன்னேன். அன்றைக்கு நான் வெட்கத்தில் செத்தேன். செருப்பு அறுந்தால் தைத்துப் போடுவாளே தவிரப் புதிது வாங்கமாட்டாள் என்றாள் வடிவு. கோபம் வந்தால் மூன்று நாள் பேசமாட்டாள். தப்பு தன் பேரில் என்றால் நாலாம் நாள் தானே வந்து பேசுவாள், ஆனால் மன்னிப்பு மட்டும் கேட்கமாட்டாள். சொல்லச் சொல்ல எனக்கு ஒரு விசித்திரமான சந்தோஷம் வந்தது. முதல் தடவை எழுதிய அந்த அருமையான பெண்ணைவிட இவளை எனக்கு எவ்வளவோ அதிகம் தெரிந்திருந்தது.

நூற்று எண்பத்தேழாவது கேள்வி வந்தது. ரிஸ்வானா நிறுத்தி, நிதானமாகப் படித்தாள்.

"நீங்க நோயில விழுந்துட்டீங்க. அதே வாரம் அவங்க தவணையும் வந்திருக்கு. எதை முதல்ல பார்ப்பாங்க?"

வடிவு என்னைப் பார்த்தாள். இது நான் சொல்ல வேண்டியது என்று அவளுக்குத் தெரியும்.

செண்பகம் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு டெங்கு வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தேன். நான் பிழைக்கமாட்டேன் என்று எனக்கே தோன்றிய ஒரு காலையில்தான் அவளுக்குக் கணக்குப் பரீட்சை. மகள் இரவு பகலாகப் பக்கத்திலேயே இருந்தாள் என்றுதான் நான் நாலு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். முதல் சாட்சியிலும் அதைத்தான் நினைத்து எழுதினேன்.

"தவணையைத்தான் கட்டுவா" என்றேன். "எனக்குக் காய்ச்சலா இருந்தப்போ, போகாத தாயி, இருன்னு கையைப் பிடிச்சேன். என் கையை எடுத்துக் கட்டில்ல வெச்சுட்டுப் பரீட்சை எழுதப் போனா. எழுதி முடிச்சுட்டுத்தான் வந்தா. வெளியில நான் மாத்திச் சொல்லியிருக்கேன். நடந்தது இதுதான்."

மகள் என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ரிஸ்வானா கையைக் காட்டித் தடுத்துவிட்டாள். செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதைச் சொல்லாமல் அந்த எழுநூறு வந்திருக்காதா என்று எனக்கு இருந்தது.

மூன்று நாளில் கூப்பிட்டார்கள். எழுநூற்று முப்பத்தொன்று. வெளியே நின்ற செண்பகத்திடம் புள்ளியை மட்டும் சொன்னார்கள். அவள் கூவிய கூவலில் கீழே மருந்துக்கடைக்காரர் மாடிக்கு வந்து என்னவென்று பார்த்துவிட்டுப் போனார்.

நாங்கள் உள்ளே போய்ப் புதிய தாளை வாங்கினோம். நான் நேராக ஏழாம் வருடத்துக்குப் போனேன். ஆவணி மாதத்தில் ஒன்றுமே இல்லை. கருவித் தவணை அடைந்து முடிந்து, ஒரு சின்ன வீட்டுக் கடனின் தவணை போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை.

"இந்த ஒத்திகையில எனக்கு நோய் வரலையாம்மா?"

"வந்திருக்கும் சார். மேடு பள்ளத்தை மாத்த மாட்டாங்க. ரெண்டு ஒத்திகையிலயும் அதே வருஷம், அதே மாசம்."

"அப்போ எனக்குன்னு அவ ஒரு ரூபாகூடக் கடன் வாங்கலை."

நான்தானே சாட்சி சொன்னேன், நான்தானே கேட்டு வாங்கினேன் என்று தேற்றிக்கொள்ளப் பார்த்தேன், முடியவில்லை. மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, தாளில் இருக்கும் ஒருத்தி என்னை ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டுக் கோபுரம் ஏறப் போய்விட்டாளே என்று அடித்துக்கொண்டது.

"ஏங்க, இது என்ன?" என்றாள் வடிவு.

தாளின் கடைசியில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். மற்ற வரிகளெல்லாம் ஏதோ ஒரு வருடத்தில் தொடங்கி ஏதோ ஒரு வருடத்தில் முடிந்தன. அது முதல் மாதத்தில் தொடங்கிப் பத்து வருடமும் ஓடியிருந்தது. மாதம் ஆயிரத்து நூற்றுப் பத்து ரூபாய். நூற்றிருபது தவணையும் கட்டியாகிவிட்டது.

ரிஸ்வானா எட்டிப் பார்த்தாள். "மருத்துவக் காப்பீடு சார். முதல் சம்பளத்துலேயே உங்க பேர்ல எடுத்திருக்காங்க. அதனாலதான் ஏழாம் வருஷம் கடனே வரலை."

"அதெப்படி? எனக்கு அதெல்லாம் பிடிக்காதுன்னு அவளுக்குத் தெரியுமே. வீட்டுக்கு வந்த ஏஜென்ட்டுகளை நான் விரட்டியடிச்சதைப் பார்த்திருக்காளே. நான் சம்மதிக்கவே மாட்டேனே."

"முதல் தாள்ல இருந்த பொண்ணு உங்ககிட்டக் கேட்டிருப்பா. நீங்க வேண்டாம்னிருப்பீங்க. அவளும் விட்டிருப்பா" என்றாள் ரிஸ்வானா. "சொல் தட்டாத பொண்ணாச்சே."

வடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தேன். தாளைத் திருப்பித் தர மனம் வரவில்லை. ஆனால் தரத்தான் வேண்டும் என்பது விதி.

பஸ்ஸில் செண்பகம் ஜன்னலோரம், என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வடிவு முன் இருக்கையில் இருந்தாள். இளையரசனேந்தல் சாலைத் திருப்பத்தில்தான் மகள் வாயைத் திறந்தாள்.

"அன்னிக்கு நான் பரீட்சைக்குப் போனது உங்களுக்கு அம்புட்டு வலிச்சுதாப்பா?"

"வலிச்சுது."

"சொல்லவே இல்லையே."

"எப்படிச் சொல்ல? நூத்துக்குத் தொண்ணூத்தாறு வாங்கிட்டு வந்து நிக்கே."

அவள் சிரிக்கவில்லை. "இனிமே அப்படி ஒண்ணு வந்தா நான் தவணை கிவணை ஒண்ணும் பார்க்க மாட்டேன். விட்டுட்டு வந்துருவேன்."

நான் கண்ட தாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சொன்னால் புள்ளி ரத்தாகிவிடும்.

"வராத. தவணையைக் கட்டு" என்றேன். "நீ பரீட்சைக்குப் போனதுதான் சரி."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த அப்பா அப்படிப் பேசுகிறவர் இல்லை.

கடன் கிடைத்தது. கச்சையும் கயிறும் வந்தன. அவள் இருநூறு மீட்டர் உயரத்தில் இருந்து போனில் பேசினாள், காற்றுச் சத்தம்தான் கேட்டது. அந்த ஒரு மாதமும் நான் படுத்திய பாட்டை வடிவுதான் தாங்கினாள். மகள் போன் செய்தால், காப்பீடு என்று ஏதாவது பேசினாளா என்று கேட்பேன். பேசவில்லை. தாளில் இருந்தவள் வேறு, இவள் வேறு, ஆயிரம் தடவையில் ஒரு தடவையாவது மறந்துபோயிருப்பாள் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வரி உண்மையானால் ஏழாம் வருட ஆவணியும் உண்மையாகிவிடுமோ என்ற பயமும் வந்தது. நடக்க வேண்டும் என்றும் நடக்கக் கூடாது என்றும் மாறி மாறி இருந்தது.

முதல் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தாள். வெயிலில் கறுத்து, கையெல்லாம் காய்த்திருந்தது. சாப்பிட்டு முடித்து, பையில் இருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"மருத்துவக் காப்பீடு எடுத்திருக்கேன்பா. மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம்."

இரண்டாயிரமா என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். முதல் வரியில் என் பெயர். அதற்குக் கீழே வடிவின் பெயர். அந்தத் தாளில் பத்து வருடமும் என் ஒருவன் பெயர்தான் இருந்தது, இயந்திரத்துக்கு என் மகளை அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. வடிவு தன் பெயரை இரண்டு தடவை வாசித்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

எனக்கு அழுகை முட்டியது. ஆனால் நான் எப்போதும் போல நடந்துகொள்ள வேண்டுமே. தொண்டையைச் செருமிக்கொண்டு, கூடியவரை கடுப்பாகச் சொன்னேன்.

"இதெல்லாம் வெட்டிச் செலவு. எனக்கு ஒண்ணும் வராது. கொண்டுபோய் ரத்துப் பண்ணு."

"நான் உங்ககிட்டக் கேக்கலைப்பா, சொல்றேன்" என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்தாள். "நேத்தே பணம் கட்டியாச்சு."